பொம்மையின் கண்ணும் பிறர் கண்ணும்

புரட்டாசி பிறக்கப் போகிறது என்றால் நம் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியைக் கீழே இறக்க வேண்டும். ஏணிமேல் நிற்பவர் நாம், கீழே நின்று, "பார்த்து, பார்த்து!" என்று எச்சரிப்பவர் நம் இல்லத்தரசி. பழைய வேஷ்டித் துண்டுகளில் சுற்றிவைத்த கொலுப் பொம்மைகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். செட்டியாரும் ஆச்சியும் தங்கள் மளிகைக் கடையுடன் வருவார்கள். மரப்பாச்சித் தம்பதிகள் வருவார்கள். கடைசியாகப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு கல்யாண ஊர்வலம் புறப்படும். மாப்பிள்ளை, மணப்பெண், நாதஸ்வரக்காரர், தவுல்காரர், ஒத்து ஊதுகிறவர், சீர்த்தட்டு ஏந்திய பெண்கள் என்று மொத்தம் 14 பேர். ஒவ்வொருவரும் நம் சுண்டு விரல் உயரம். முகமோ ஒரு கொண்டைக்கடலை அளவுதான்.

மூன்று வருஷங்களுக்கு முன்னால் அந்த ஊர்வலத்துக்கு ஒரு விபத்து நேர்ந்தது. ஓடு ஒழுகி, மழைத் தண்ணீர் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. மணப்பெண்ணின் கூறைப் புடைவைச் சிவப்பு மாப்பிள்ளையின் வேஷ்டியில் ஏறியிருந்தது. நாதஸ்வரக்காரருக்கு முகமே இல்லை. புதிதாக வாங்கிவிடலாம் என்று வீட்டில் சொன்னார்கள். ஆனால் அவை நம் பாட்டியார் காலத்துப் பொம்மைகள். கலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு, இந்தச் சுண்டு விரல் மனிதர்களுக்கு வர்ணம் பூச முடியாதா என்று எண்ணிக் காரியத்தில் இறங்கினோம்.

முடியாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஏன் முடியவில்லை என்பது தெரியத்தான் வெகு நாள் ஆயிற்று. அதைத் தெரிந்துகொண்ட கதையையே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அந்த வருஷமும் கொலு வைத்தோம். வந்தவர்கள் எல்லாரும் ஊர்வலத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றாயிருக்கிறது!" என்றார்கள். கையில் சுண்டலை வைத்துக்கொண்டு வேறு எப்படித்தான் சொல்வார்கள்? நம் மைத்துனர் ஒருவர் மட்டும் குனிந்து உற்றுப் பார்த்துவிட்டு, "அத்தான், இது கல்யாண ஊர்வலமா, புலியைக் கண்டு ஓடுகிற கூட்டமா?" என்று கேட்டார். கூடம் முழுவதும் சிரிப்பு. நாமும் சிரித்துவைத்தோம்.

விசித்திரம் என்னவென்றால், மைத்துனர் சொன்னது உண்மை. பதினான்கு பேரும் பேயறைந்தவர்களைப் போலத்தான் நின்றார்கள். ஆனால் அவருடைய பரிகாசத்தை வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் தூரிகையை எடுத்து நாம் என்ன செய்ய முடியும்? "நன்றாயிருக்கிறது" என்றவர்களின் சொல்லாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. புகழ்ச்சியும் பரிகாசமும் இரண்டு எதிரிகள் என்று நினைத்திருந்தோம். தூரிகை பிடித்தவனுக்கு இரண்டும் ஒன்றே; இரண்டும் அவனை இருந்த இடத்திலேயே விட்டுவிடுகின்றன.

மறு வருஷம் ஒத்து ஊதுகிறவருடைய கை ஒடிந்துவிட்டது. நவராத்திரிக்கு முன் கோயில் சந்நிதித் தெருவில் பொம்மைக் கடை விரிக்கும் பெரியவர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோனோம். தலைமுறை தலைமுறையாகப் பொம்மை செய்கிற குடும்பம். அவர் கையை ஒட்டிக் கொடுத்துவிட்டுப் பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூச்சு யாரு சார் பண்ணினது?" என்று கேட்டார்.

நம் கைவேலைதான் என்று தயங்கிக்கொண்டே ஒப்புக்கொண்டோம்.

"கோடு நடுங்கல்லே. நல்ல கை. ஆனா கண்ணைப் பாருங்க. கருவிழியைச் சுத்தி நாலு பக்கமும் வெள்ளை தெரியுது. பயந்தவனுக்குத்தான் அப்படித் தெரியும். மேல் இமையைக் கொஞ்சம் இறக்குங்க. கருவிழி இமைக்குள்ளே கொஞ்சம் ஒளியணும்."

பிறகு பொம்மையைக் கையில் கொடுக்கும்போது, "இன்னொண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இவருக்கு வெளிச்சம் எங்கேயிருந்து வருது?" என்றார்.

அவ்வளவுதான். இரண்டு நிமிஷப் பேச்சு. ஒரு வருஷ காலமாக நாற்பது பேர் பார்த்த பொம்மை அது. அந்த நாற்பது பேராலும் ஆகாத காரியம் அந்த இரண்டு நிமிஷத்தில் ஆயிற்று. அவர் என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். முதலில், எது கெடாமல் இருக்கிறதோ அதைச் சொன்னார். அதனால் நாம் அதைத் திருத்தப் போய்க் கெடுக்காமல் தப்பினோம். பிறகு குறை இருக்கும் இடத்தைக் காட்டினார். அதன் காரணத்தைச் சொன்னார். மாற்றும் வழியையும் சொன்னார். கடைசியில் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலை நமக்கே விட்டுவிட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் விளங்கிற்று. நம்மைப் போன்ற ஆள் ஒருவர் வெயிலில் நின்றால், மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழும். வேஷ்டி மடிப்புக்குள் இருட்டு இருக்கும். சுண்டு விரல் பொம்மையில் மடிப்பின் ஆழம் ஒரு நெல்லின் கனம்கூட இராது. கூடத்து விளக்கால் அங்கே நிழல் விழாது. ஆகையால் வர்ணம் பூசுகிறவரே வெளிச்சத்தையும் நிழலையும் பூச வேண்டும். வெளிச்சம் உச்சியிலிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அப்பொழுது நெற்றி, மூக்குத்தண்டு, தோள், மடிப்பின் மேல்விளிம்பு ஆகியவை வெளுப்பாக இருக்கும். மோவாயின் அடி, அக்குள், மடிப்பின் உட்பக்கம் ஆகியவை கறுத்திருக்கும். கறுப்பு என்றால் கறுப்பு மையை அப்பிவிடக் கூடாது. சிவப்புப் புடைவையின் நிழலுக்குச் சிவப்போடு கொஞ்சம் காவிப் பழுப்பைக் கலக்க வேண்டும். அதன் வெளிச்சப் பக்கத்துக்கு வெள்ளையைக் கலந்தால் ரோஜா நிறமாகிவிடும்; ஆரஞ்சு நிறத்தைத் தொட்டுக்கொண்டால் சிவப்புச் சிவப்பாகவே ஒளிரும். நாடக மேடையில் ஒப்பனையை அருகே போய்ப் பார்த்தால் சகிக்காது. சபையில் உட்கார்ந்து பார்த்தால் அதுவே இயற்கையாக இருக்கிறதல்லவா? சிறிய பொம்மைக்கும் அதே நியாயந்தான்.

கண் விஷயத்திலும் நாம் தலைகீழாக வேலை செய்திருந்தோம். வெள்ளையைப் பூசி, நடுவில் ஒரு புள்ளி வைத்தால் கண் என்று எண்ணியிருந்தோம். முதலில் கரும்பழுப்பில் ஒரு சிறு படுக்கைக் கோடு போட வேண்டும். அதன்மேல் ஓரம் தெரியும்படி அதைவிடச் சிறிதாக வெள்ளை. பிறகு, மிதக்கும் புள்ளியாக இல்லாமல் மேலும் கீழும் தொடும்படி ஒரு குட்டை நெடுங்கோடு, அதுதான் கருவிழி. கடைசியில் மேல் இமைக்கு ஒரு கோடு. இப்படிச் செய்தவுடன் ஒத்து ஊதுகிறவருடைய பயம் தெளிந்துவிட்டது.

நிற்க. இந்தப் பைத்தியம் கொலு வைக்கும் நம்மவர்களுக்கு மட்டும் உரியது அல்ல. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் என்பவர் 1893-ஆம் வருஷத்தில் உள்ளே கூடாக இருக்கும் ஈயச் சிப்பாய்களை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தச் சிப்பாய்களின் உயரம் ஏறக்குறைய 54 மில்லிமீட்டர். எச். ஜி. வெல்ஸ் என்ற பெரிய நாவலாசிரியர், அத்தகைய சிப்பாய்களை வைத்துத் தரையில் யுத்தம் நடத்துவதற்கு விதிகள் எழுதி 1913-இல் ஒரு புஸ்தகமாகவே வெளியிட்டார். இன்று மேல்நாடுகளில் 28 மில்லிமீட்டர் உயரமுள்ள வீரர்களுக்கு, மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இரவெல்லாம் வர்ணம் பூசுகிற பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கூட்டங்களில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. தாம் பூசியதை மேஜைமேல் வைத்து, "இதில் குறை சொல்லுங்கள்" என்று வலியக் கேட்பார்கள். நம் நாட்டில் புலவர்கள் தங்கள் நூலைச் சபையில் அரங்கேற்றிக் கேள்விகளுக்கு நின்று விடையளித்ததும் இதே பழக்கந்தானே? பாட்டுக்கு அரங்கேற்றம் உண்டு, பரதத்துக்கு உண்டு, பொம்மைக்கும் இருக்கட்டுமே!

ஆனால் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் கிரேக்க தேசத்தில் அப்பெல்லீஸ் என்ற சித்திரக்காரர் இருந்தார். மாவீரன் அலெக்ஸாந்தருடைய உருவத்தை எழுதியவர் அவர். தாம் எழுதிய படங்களைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி வைத்துவிட்டு, பின்னால் ஒளிந்துகொண்டு அவர்கள் பேசுவதைக் கேட்பாராம். ஒரு நாள் செருப்புத் தைக்கிறவர் ஒருவர் பார்த்துவிட்டு, படத்திலுள்ள பாதரட்சையில் ஒரு வார் குறைகிறது என்றார். அப்பெல்லீஸ் அதைத் திருத்திவிட்டார். மறுநாள் வந்த அதே மனிதர், தம் சொல் எடுபட்டதில் கர்வங்கொண்டு, காலைப் பற்றியும் குறை சொல்லத் தொடங்கினார். சித்திரக்காரர் வெளியே வந்து, பாதரட்சைக்கு மேலே போக வேண்டாம் என்று கண்டித்தாராம். ரோமாபுரி ஆசிரியரான பிளினி இந்தக் கதையை எழுதிவைத்திருக்கிறார்.

செருப்புத் தைக்கிறவரை மட்டந்தட்டுவதற்காகவே உலகம் இந்தக் கதையைச் சொல்லிவருகிறது. நாம் வேறு விதமாக நினைக்கிறோம். பாதரட்சை விஷயத்தில் அவர் சொன்னது சரி. சரி என்று கண்டவுடன் அந்த மகா சித்திரக்காரர் வாதாடாமல் திருத்திவிட்டார். யாருக்கு எது தெரியுமோ அதை அவரிடம் கேட்க வேண்டும் என்பதே நமக்குக் கிடைக்கும் பாடம்.

அப்படியே செய்துபார்த்தோம். எதிர்வீட்டுத் தையற்கார அம்மாளிடம் புடைவைக் கொசுவத்தை மட்டும் காட்டினோம். மடிப்புகள் எல்லாம் ஒரே அகலத்தில் இருப்பதால் அது துணியாகத் தோன்றவில்லை, தகரமாகத் தோன்றுகிறது என்றார். கோயிலில் தவுல் வாசிக்கும் வித்துவான் ஒருவரிடம் தவுல்காரரைக் காட்டி, இவர் வாசிக்கிறாரா, சும்மா நிற்கிறாரா என்று கேட்டோம். "இடது கையிலே குச்சி இருக்கு, சரி. வலது கை விரலுக்கெல்லாம் கூடு எங்கே?" என்றார் அவர். வலது கை விரல்களில் மாட்டிக்கொள்ளும் அந்த வெள்ளைக் கூடுகளை ஆயிரம் கல்யாணங்களில் பார்த்திருக்கிறோம், பார்த்தும் பார்க்கவில்லை! ஊசிமுனை அளவில் வெள்ளைப் புள்ளிகளை வைத்தோம். தவுல்காரர் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

முகபாவத்துக்குக் குழந்தைகளைப் போன்ற பரீட்சகர்கள் கிடையாது. ஆனால் அவர்களிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், அவர்களும் பெரியவர்களைப் போல "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிடுவார்கள். "இவர்களில் யார் கோபமாக இருக்கிறார்?" என்று கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சிறுமி சற்றும் யோசிக்காமல் மாப்பிள்ளையைச் சுட்டிக்காட்டினாள். பார்த்தால், அவருடைய புருவங்கள் இரண்டும் மூக்கை நோக்கிச் சாய்ந்திருந்தன. தாலி கட்டப் போகிறவர் ஏன் கோபமாக இருக்க வேண்டும்? புருவத்தை நிமிர்த்தினோம்.

நாமே நமக்குப் பரீட்சகராக இருப்பதற்கும் வழிகள் உண்டு. பொம்மையைக் கண்ணாடிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், இடம் வலமாக மாறிய முகத்தில் கோணல் சட்டென்று தெரியும். கைபேசியில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், கண்ணுக்குத் தப்பிய திட்டுகள் எல்லாம் தெரியும். ஆனால் இதில் ஓர் எச்சரிக்கை. கொலுப்படியின் முன்னால் நிற்பவர் இரண்டு மூன்று அடி தள்ளி நின்று பார்க்கிறார். அங்கே தெரியாத குறைக்காக ஓர் இரவைச் செலவழிப்பது வீண். அங்கிருந்து தெரிகிற குறையைக் கவனியாமல் விடுவதும் தவறு. பார்க்கிறவர் நிற்கும் இடத்தில் நின்று குறை சொல்லுகிறவரே நல்ல விமரிசகர்.

குறையைக் கேட்டுக்கொள்ளும் நேரத்தில் வாயைத் திறவாமல் இருப்பதுதான் யாவற்றிலும் கஷ்டமானது. "அது வேண்டுமென்றே அப்படிப் பூசினது", "விளக்கு மங்கலாக இருந்தது", "தூரிகை சரியில்லை" என்று சமாதானம் சொல்ல நாக்குத் துடிக்கும். பொம்மை கொலுப்படியில் நிற்கும்போது நாம் பக்கத்தில் நின்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? சொன்னதைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் எது பொருந்தும், எது பொருந்தாது என்பது தெரிந்துவிடும். சொன்னவற்றை எல்லாம் ஏற்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்பெல்லீஸும் காலைத் திருத்தவில்லையே!

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுத வேண்டிய ஒன்றை விட்டுவிட்டால் நாம் யோக்கியர்கள் ஆக மாட்டோம்.

நாம் உபாத்தியாயர். சிவப்பு மசியும் சொல்லும் நம் ஆயுதங்கள். பதினெட்டு வருஷங்களுக்கு முன், பள்ளிக்கூடக் கண்காட்சிக்காக எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் களிமண்ணில் ஓர் உழவனும் இரண்டு மாடுகளும் செய்து, வர்ணம் பூசிக் கொண்டுவந்தான். துணியை விலக்கி மேஜைமேல் வைத்தான். உழவனுடைய முகத்தில் மூக்கும் வாயும் தெரியவில்லை. வர்ணம் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. "ஏண்டா, இந்த ஆள் முகத்தில் யார் சேற்றை வாரி அடித்தது?" என்று கேட்டோம். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நமக்கு அன்று நம் சாமர்த்தியத்தைப் பற்றிச் சற்றுப் பெருமையாகக்கூட இருந்தது. பையன் பொம்மையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான். கண்காட்சிக்கு அது வரவில்லை.

சென்ற நவராத்திரியில் அந்தப் பையன், இப்போது முப்பது வயதைக் கடந்தவர், தம் மனைவியோடும் சிறு பெண்ணோடும் நம் வீட்டுக் கொலுவுக்கு வந்திருந்தார். ஊர்வலத்தைப் பார்த்தார். தவுல்காரருடைய விரல்களை வெகு நேரம் பார்த்தார்.

"இப்போதும் பொம்மை செய்வதுண்டா?" என்று கேட்டோம்.

"இல்லை சார். அப்பவே விட்டுட்டேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் நமக்கு அதிகமாக உறைத்தது.

அந்த உழவனை நமக்கு நன்றாக நினைவிருக்கிறது என்றும், வர்ணத்தில் தண்ணீர் போதாததுதான் அதன் குறை என்றும், பாலைப் போல இருக்க வேண்டிய வர்ணம் தயிரைப் போல இருந்துவிட்டது என்றும் சொன்னோம். நீர்க்கக் கரைத்து, ஒன்று காய்ந்த பிறகு மற்றொன்றாக இரண்டு பூச்சுப் பூசியிருந்தால் மூக்கும் வாயும் தெரிந்திருக்கும் என்றோம்.

அவர் புன்சிரிப்போடு, "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்" என்றார்.

வாஸ்தவந்தான். ஆனால் அன்று நமக்கே அது தெரியாது. தெரியாதபோது பேசாமல் இருந்திருக்கலாம், அல்லது, "மாடுகளின் நடை நன்றாக வந்திருக்கிறது, முகத்துக்கு மட்டும் யாரிடமாவது கேட்போம்" என்று சொல்லியிருக்கலாம். மாடுகள் உண்மையிலேயே நடந்தன. அதை நாம் சொல்லவே இல்லை. குறையைக் கண்டுபிடிக்கும் கண் இருப்பதாலேயே ஒருவன் ஆசிரியனாகிவிட மாட்டான். குறைக்கும் கைக்கும் நடுவில் ஒரு வழியைக் காட்டத் தெரிந்தால்தான் ஆசிரியன். வழி தெரியாமல் குறையை மட்டும் சொன்னால், சொன்னவனுக்கு ஒரு சிரிப்பு லாபம். கேட்டவனுக்கு ஒரு கை நஷ்டம்.

அவர்கள் விடைபெற்றுப் போகும்போது, வர்ணம் பூசாத சிறு மண் பொம்மை ஒன்றைக் குழந்தையின் கையில் கொடுத்தனுப்பினோம். குடம் ஏந்திய பெண் பொம்மை. போன ஞாயிற்றுக்கிழமை தகப்பனாரும் பெண்ணுமாக வந்தார்கள். பெண் பொம்மையை மேஜைமேல் வைத்துவிட்டு, "தாத்தா, குறை சொல்லுங்கோ" என்றாள். நமக்கு இன்னும் ஐம்பது வயது ஆகவில்லை. ஆயினும் அந்தக் குறையை அவளிடம் சொல்லவில்லை. பொம்மையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தோம். குடத்தின் நீலம் சீராக இருந்தது. அதை முதலில் சொன்னோம். பிறகு, மேல் இமையைக் கொஞ்சம் இறக்கிவிடு என்றோம். ஏன் என்பதையும் எப்படி என்பதையும் காகிதத்தில் பெரிதாக வரைந்து காட்டினோம். வேறு ஐந்து குறைகளும் நம் கண்ணில் பட்டன. அவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்கும்.

குழந்தையின் விரலில் குடத்து நீலம் ஒட்டியிருந்தது. தகப்பனாருடைய கட்டை விரலிலும் அதே நீலம் இருந்தது. நாம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.